எண்ணெய் பாக்கெட்டில் கிராமைப் பாருங்கள்

"ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா?" என்ற பழைய கேள்வியை வகுப்பில் இனி விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. ஏழாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். அதே பிள்ளையிடம், ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இல்லை என்று கேளுங்கள், முழிக்கும். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் இப்படியா?

எண்ணெய் சூடானால் விரியும். நிறை அப்படியே இருக்கும், பருமன் கூடும், அடர்த்தி குறையும். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில கம்பெனிகள் 60 டிகிரி வரை கணக்கு வைத்து "1 லிட்டர்" என்று அச்சடித்தன. (அக்னி நட்சத்திரத்தில்கூட நம்ம ஊரில் 60 டிகிரி அடிக்காது!) பாக்கெட்டுக்கு 26 கிராம் போச்சு. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற தாய்மார் வாரச் சம்பளத்தில் வாங்குகிற எண்ணெயிலும் இதே கணக்குதான்.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டது. வெப்பநிலை போடாமல் அளவை எழுத வேண்டும், கூடவே எடையையும் எழுத வேண்டும் என்றது. 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது.

ஆகவே கடையில் லிட்டர் விலையை ஒப்பிடாதீர்கள். கிராமைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடர்த்தி பாடத்துக்கு நாலு காலி எண்ணெய் பாக்கெட் கொண்டுபோங்கள். பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். அதில் 850 மில்லி பாக்கெட் ஒன்றையும் கலந்து கொடுங்கள்.