பாசியைக் கொல்வதற்கு முன்

குடிநீர் எடுக்கும் ஏரியில் பச்சை படர்ந்துவிட்டால், 'மருந்து போட்டுக் கொல்லுங்கள்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. காரணம், ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்தது.

பூர்வகுடியினர் வாழும் தீவு அது. 1979-இல் அங்குள்ள சாலமன் அணையில் நீலப்பச்சைப் பாசி மண்டியது. தண்ணீரில் வாடை, ருசியும் சரியில்லை என்று மக்கள் புகார் செய்ய, அணையில் மயில்துத்தம் போட்டார்கள். செடிக்குப் பூஞ்சணம் பிடித்தால் தோட்டத்தில் தெளிப்பார்களே, அதே நீல உப்புதான். பாசி செத்தது. சில நாள்களில் பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுவலியுமாகப் படுத்தார்கள், கல்லீரல் வீங்கியிருந்தது. நோயுற்றவர்கள் 148 பேர். அவர்களில் பெரியவர்கள் பத்தே பேர்! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நடந்தது இதுதான். நஞ்சு பெரும்பாலும் பாசியின் உடலுக்குள் இருக்கிறது. முழுப் பாசியை வடிகட்டி எடுத்துவிடலாம். கொன்றால் அது உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த நஞ்சைச் சாதாரண மணல் வடிகட்டி பிடிக்காது.

கொதிக்க வைத்துக் குடித்தால் ஆகாதா? நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதானே வைத்தியம்! ஆகாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சு அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் கலந்தபோது, கொதிக்க வைக்கவே கூடாது என்று அறிவித்தார்கள். நீர் வற்ற வற்ற நஞ்சு செறிவாகும். நான்கு லட்சம் பேருக்கு மேல் சில நாள்கள் போத்தல் தண்ணீரை நம்பியிருந்தார்கள்.

ஈரியில் பாசிக்குத் தீனி, வயல்களிலிருந்து மழைநீரோடு வரும் உரத்தின் பாஸ்பரஸ். அதை 2008-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பதாக 2016-இல் அமெரிக்காவும் கனடாவும் இலக்கு வைத்தன. மருந்து தெளிப்பதைப்போல ஒரே நாளில் பலன் தெரியாது. எந்த அரசியல்வாதிக்கும் பிடிக்காத வேலை.

எங்கள் தாமான் ஏரிக்கும் மருந்து கேட்டு ஒரு மனு சுற்றி வருகிறது. அங்கே குடிநீர் எடுப்பதில்லை, ஆனால் மாலையில் தூண்டிலோடு நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. முதலில் நீரைச் சோதிக்கட்டும்; மேலே உள்ள கால்வாயில் எந்தக் கழிவு விழுகிறது என்றும் பார்க்கட்டும் என்றேன். மனு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம்தான். மீன் பிடிப்பவர்களுக்காக ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கக் கேட்கலாம் என்றதும், அதற்கு மட்டும் சரி என்றார்.