டயரைப் பாத்து வயசு சொல்லாதீங்க!

பழைய மிலிட்டரி லாரி போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டா போதும், ஆளாளுக்கு ஒரு பேரு வச்சிடறோம். ஒருத்தர் "அமெரிக்கா வண்டி"ம்பார். இன்னொருத்தர் "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது"ம்பார். கனடான்னு மட்டும் யார் வாயிலயும் வராது. அந்த நாட்டுக்கும் ராணுவ லாரிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, நிறையவே இருக்கு.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல கனடாவுல ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ஒரே டிசைன்ல 4 லட்சத்துக்கும் மேல ராணுவ லாரி செஞ்சு தள்ளினாங்க. பிரிட்டிஷ் ராணுவத்துக்குன்னு செஞ்சதால வலது பக்கம் ஸ்டீயரிங். நம்ம நாட்டுக்கும் ஏகப்பட்டது வந்து இறங்கிச்சு. இந்தச் சேஸிஸ் மேல இங்கயே இரும்புக் கவசம் கட்டி 4,600க்கும் மேல கவச வண்டி செஞ்சாங்க. டாடாநகர் இரும்புங்கறதால அந்த வண்டிக்கு 'டாடாநகர்'னே பட்டப்பேரு!

சரி, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது? முன்கண்ணாடியைப் பாருங்க. மேல்பக்கம் முன்னாடி தள்ளி, கீழ்ப்பக்கம் உள்ளே போயிருந்தா அது 1941 கடைசியில வந்த 13ஆம் நம்பர் கேபின். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினா மேல பறக்கற விமானத்துக்குக் காட்டிக் கொடுத்துடும், அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சாய்வு. அடுத்தது ரேடியேட்டர் முன்னாடி இருக்கற கம்பி வலை. கட்டம் கட்டமா நேரா இருந்தா ஃபோர்டு, குறுக்கா டைமண்ட் மாதிரி இருந்தா செவர்லே. பானெட்டைத் தூக்க விட்டாங்கன்னா இன்னும் சுலபம். ஃபோர்டுக்கு வி8 இன்ஜின், செவர்லேக்கு வரிசையா ஆறு சிலிண்டர்.

இதுல சக்கரத்தைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலை, கவனிச்சீங்களா? காரணமாத்தான். எந்த வண்டியிலும் முதல்ல மாறுறது சக்கரம்தான். போர் முடிஞ்சதும் உபரி வண்டிகளை டிஸ்போசல்ல வித்தாங்க. வாங்கினவங்க மரத்துல பாடி கட்டி பஸ்ஸாவும் லாரியாவும் ஓட்டினாங்க. 3 டன் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 10.50-20 டயர், பின்னாடியும் ஒத்தை டயர்தான். அந்த சைஸுக்கு நம்ம ஊர் டயர் கடையில எங்க போறது? லாரிக்காரங்க சாதாரணமா வாங்கற 9.00-20 மாதிரி சைஸுக்கு ரிம்மை மாத்தினாத்தான் பொழப்பு ஓடும். லோடு அடிக்கப் பின்னாடி ரெட்டை டயர் போட்டவங்களும் உண்டு.

என் சண்டையே இங்கதான். பழைய வண்டியைப் புதுப்பிக்கறவங்க "ஒரிஜினல் வீல் இல்லை, வண்டி கெட்டுப் போச்சு"ன்னு உதட்டைப் பிதுக்கறாங்க. மாத்தின ரிம்மைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, வெளிநாட்டுலேர்ந்து பழசை வரவழைக்கறாங்க. போர்ல ஓடினது நாலஞ்சு வருஷம்னா, நம்ம ரோட்டுல ஓடினது அதைவிடப் பல மடங்குங்க! அந்த ரிம்மை வெல்டு வச்ச மெக்கானிக் பேரு எந்த ஏட்டுலயும் இல்லை. அந்த ரிம்தான் அவர் கையெழுத்து. அதையும் அழிச்சிட்டா நம்ம பங்குக்குச் சாட்சி ஏது? புது வீல் மாட்டணும்னா தாராளமா மாட்டுங்க. கழட்டினதைப் போட்டோ எடுத்து, சைஸ் குறிச்சு, ஒரு ஓரமா வைங்க. அவ்ளோதான் நான் கேக்கறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய ஒரிஜினல் வீல் கெடச்சா நேரா பஞ்சர் கடைக்கு உருட்டிட்டுப் போயிடாதீங்க. அந்த ரிம் ரெண்டு பாதியா இருக்கும், நட்டு போட்டு இறுக்கியிருப்பாங்க. நடுவுல ஹப்பைச் சுத்தி இருக்கற நட்டு வண்டியோட சேர்க்கறது. வெளிவட்டத்துல இருக்கறது ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கறது. காத்து இருக்கும்போது வெளிவட்ட நட்டைக் கழட்டினா ரிம் பிச்சுக்கிட்டுப் பறக்கும், ஆள் உயிரே போயிடும். அதுக்குத்தான் அந்த நட்டுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிச்சு வைக்கற வழக்கம். எண்பது வருஷத்துல பெயிண்ட் உதிர்ந்திருக்கும், ஆபத்து உதிராது. காத்தை முழுசா இறக்காம ஸ்பானரைத் தொடாதீங்க.

உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரத்து நூறு வருஷமா நிக்குது. கல்லை யாரும் எடைக்குப் போடலை, அதனால இன்னிக்கும் உக்காந்து படிக்க முடியுது. ராஜகுளம் பக்கம் புளியமரத்தடியில துருப்பிடிச்ச சேஸிஸ் ஒண்ணு கிடந்தா அது நாளைக்கே காயலான் கடைக்குப் போயிடும். இரும்புக்குக் கல்லோட அதிர்ஷ்டம் கிடையாது.

அதனால மக்களே, உங்க ஊர்ல இப்படி ஏதாவது கண்ணுல பட்டா கண்ணாடி, கம்பி வலை, இன்ஜின், சக்கரம் நாலையும் தனித்தனியாப் படம் எடுங்க. பக்கத்துல இருக்கற பெரியவர்கிட்ட "இது யாரு ஓட்டினது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அப்படியே ஒரு பதிவாப் போட்டுடுங்க, புண்ணியமாப் போகும் :-)