சொட்டும் எண்ணெயும் எழுதாத புகாரும்

போன தீபாவளிக்கு முந்திய வாரம் என் அக்கா மகள் புதுக் கார் எடுத்தாள். கோயிலில் அர்ச்சனை செய்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அவள் தாதி. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் போய் வர வேண்டும். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. அவள் அப்பாவின் பழைய கார் ஒரு நாள் விடிகாலை இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. அந்தப் பயத்தில்தான் குடும்பமே சேர்ந்து முன்பணம் போட்டது. மீதிக்கு ஒன்பது ஆண்டுக் கடன்.

ஏழாவது மாதம் போர்ச் டைல்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. துடைத்தார்கள். மறுநாள் காலையில் இன்னொரு புள்ளி. ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர். 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மாமாவுக்குத் தகவல் வந்தபோது அவள் இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்திருந்தாள். முதல் முறை அட்வைசர் குனிந்து பார்த்து, துணியால் துடைத்து, "பியாசா, புது இன்ஜின் கொஞ்சம் வியர்க்கும்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை, சர்வீஸின்போது எண்ணெய் இறக்கும் போல்ட்டின் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று சொல்லி அதை மாற்றினார்கள். நான்கு நாள் கழித்துப் புள்ளி மறுபடி வந்தது.

"ஜாப் ஷீட் எங்கேம்மா?" என்று கேட்டேன். முதல் முறைக்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் 'பொதுச் சோதனை, சரியாக உள்ளது' என்று ஒரு வரி. அதாவது, இரண்டு முறை லீவு போட்டு அலைந்தும், எண்ணெய் கசிகிறது என்று அவள் சொன்னதற்குக் காகிதத்தில் ஒரு சான்றும் இல்லை. நாளைக்கு இன்ஜின் கெட்டுப்போய், "நீங்கள் முன்பே சொல்லவில்லையே" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பட்டறைக்காரர் சொன்ன புத்தி

என் அத்தான் பழைய ஆள். "நம்ம தாமான் பட்டறையில் ஐம்பது ரிங்கிட்டில் முடிச்சிடலாம், எதுக்கு இத்தனை அலைச்சல்?" என்றார். வண்டியைக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் ஜாக் போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இதில் நான் கை வைக்க மாட்டேன். வாரண்டி இருக்கிற வண்டி. நான் ஒரு நட்டைத் தொட்டாலும், கசிவுக்கே காரணம் நான்தான்னு கம்பெனிக்காரன் சொல்லிடுவான்" என்றார். வருமானத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன மனிதர்.

காசு வாங்காமல் ஒரு யோசனையும் சொன்னார். இரவு வண்டியை நிறுத்தும்போது கீழே வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே, என்ன நிறம், எவ்வளவு அகலம் என்று தெரியும். தேதி போட்டுப் படம் எடுங்கள்.

நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பழுப்போ கறுப்போ என்றால் இன்ஜின் எண்ணெய், நம் பேச்சில் 'மிஞ்ஞாக் ஹீத்தாம்'. சிவப்பாக, வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர் எண்ணெய். சில கார்களில் அது வேறு நிறத்திலும் வரும். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்றால் ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் அருகே வெளிர்மஞ்சளாக இருந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாத வெறும் தண்ணீர் ஏர்கண்டிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

அடுத்தது டிப்ஸ்டிக். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். துடைத்து, மறுபடி செருகி எடுத்தால்தான் சரியான அளவு தெரியும். நாங்கள் பார்த்தபோது எண்ணெய் இரண்டு குறிகளுக்கும் பாதிக்குக் கீழே இருந்தது. மூன்று வாரம் முன்பு நிரப்பிய எண்ணெய் அது.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பார்கள். எண்ணெய்க் குவளை போன்ற அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. அது எரியும்போது இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கியிருக்கலாம். எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி அணைக்க வேண்டும். இரவு வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு அது எங்கே எரியும் என்று யாருக்குத் தெரியும்?

"அதையே எழுதிக் கொடுங்கள்"

மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். "சண்டை போடாதீங்க மாமா, அடுத்த சர்வீஸுக்கும் இவங்ககிட்டதானே வரணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் குரலை உயர்த்தவில்லை. ஆறு நாள் அட்டைப் படங்களையும் டிப்ஸ்டிக் படத்தையும் காட்டினேன். அட்வைசர் மறுபடியும் "பியாசா" என்றார்.

"நல்லது. எண்ணெய் கசிவது இந்த வண்டிக்குச் சகஜம், பழுது பார்க்கத் தேவையில்லை என்று அப்படியே ஜாப் ஷீட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுங்கள். நாங்கள் போய்விடுகிறோம்" என்றேன்.

அவர் எழுதவில்லை. உள்ளே போனார். பத்து நிமிடத்தில் ஃபோர்மேன் வந்தார். வண்டி மேலே ஏறியது.

அட்வைசரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே வால்வு மூடி கேஸ்கெட்டில் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, வேறெங்கோ சொட்டும். துடைத்துவிட்டு ஊகிப்பதில் பயனில்லை. அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவி, எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, வண்டியை ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கசியும் இடம் பளிச்சென்று மின்னும். இந்தச் சோதனையை நீங்களே பெயர் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் வண்டியில் மின்னியது இன்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடம். கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தது. சீலின் விலை பெரிதல்ல. அதை மாற்றக் கியர் பெட்டியையே கழற்ற வேண்டும், கூலிதான் அதிகம். மூன்று நாள் வேலை. வாரண்டியில் ஒரு காசு வாங்காமல் செய்து கொடுத்தார்கள். பட்டறையில் ஐம்பது ரிங்கிட்டுக்கு வெளியே பசை பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறார்.

கையில் இருக்க வேண்டியவை

நம் நாட்டில் புதுக் கார்களுக்கு ஐந்து ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் என்பது பரவலான வாரண்டி. அது நிலைக்க, குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த ரசீதுகள் அனைத்தும் வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் நீங்கள் சொன்ன குறை, உங்கள் வார்த்தையிலேயே, தேதியோடும் கிலோமீட்டரோடும் ஜாப் ஷீட்டில் ஏற வேண்டும். அதைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். வண்டியை எடுக்கும்போது எதைக் கண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுசோதனைக்கு அப்போதே நாள் குறியுங்கள். கசிவை அடைக்கும் திரவம் என்று கடையில் விற்பதை ஊற்றாதீர்கள். பிறகு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

இதற்கெல்லாம் அவர்கள் மசியவில்லை என்றால்? வாரண்டிப் புத்தகம் மட்டுமே நம் கவசம் அல்ல. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. குறையைச் சரிசெய்ய முடியுமென்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி விற்றவரையே கேட்கலாம். அதன் பிறகும் நடக்காவிட்டால், திரிபுனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் ஜாப் ஷீட்டுகள்தான்.

பக்கத்துச் சிங்கப்பூரில் இதற்கென்றே 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. அதை 'எலுமிச்சை' சட்டம் என்றே அழைக்கிறார்கள், ஆங்கிலத்தில் பழுதான காருக்கு அந்தப் பழத்தின் பெயர்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நாமதான் முதல் நாளே நாலு நசுக்கினோமே!" என்று சிரித்தாள்.

அட்டை இன்னும் போர்ச்சில் கிடக்கிறது. ஐந்து வாரமாக வெள்ளையாகவே இருக்கிறது. அக்கா மகள் இரவு வேலைக்குக் கிளம்பும்முன் அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள். ஜாப் ஷீட்டுகள் ஒரு கோப்பில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் காரின் கோப்பு எங்கே இருக்கிறது? இன்று ஞாயிறுதானே, தேடி எடுத்து வையுங்கள்.