இங்கதானே இருக்கு!

சேலத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே சேர்வராயன் மலை தெரியும். தினம் அதைப் பார்க்கிறவரிடம், ‘ஏற்காடு போயிருக்கீங்களா?’ என்று கேளுங்கள். ‘இங்கதானே இருக்கு, எப்ப வேணா போலாம்’ என்பார். இந்த ‘எப்ப வேணா’வுக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான்... எப்பவுமே இல்லை!

சேலத்துக்காரரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்களும் நானும் அவர்தான். பையனுக்குப் பரீட்சை முடியட்டும், வீட்டு லோன் முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்... எல்லாம் முடிகிறபோது நம் முழங்காலும் முடிந்திருக்கும்.

பணமா பிரச்னை? சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அரசு பஸ்ஸே போகிறது. நம்மைத் தடுப்பது காசு அல்ல, பழக்கம். தலையணை மாறினால் தூக்கம் வராது, தண்ணி மாறினால் சளி பிடிக்கும் என்று நம்மை நாமே நோயாளியாக்கி வைத்திருக்கிறோம்.

‘அதான் யூடியூப்ல பார்த்தாச்சே!’ என்கிறீர்களா? கோடை மழைக்குப் பிறகு ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று பூத்து மணக்கும். அந்த வாசனையை எந்த போன் கொண்டுவந்து கொடுக்கும்?

அதே ஏற்காட்டில், ஹோலி டிரினிட்டி சர்ச் வளாகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்து 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863-ல் பல்லாவரத்தில் அவர் கையில் கிடைத்த ஒரு கல், ஆதிமனிதன் செதுக்கிய கோடரி. இந்தியாவின் கற்கால வரலாறே அங்கிருந்துதான் தொடங்கியது. ‘அது அவர் உத்தியோகம் சார்’ என்பீர்கள். பாறையைப் பார்ப்பதுதான் உத்தியோகம். அந்தக் கோடரியைத் தேடச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை. ரிட்டையரான பிறகும் பரோடா, மைசூர் என்று அலைந்தார். நாமோ அதே பல்லாவரத்தை மின்சார ரயிலில் தூங்கிக்கொண்டே கடக்கிறோம்.

நீங்கள் போகாமல் இருப்பது உங்கள் இஷ்டம். ஆனால், ‘எங்கயாச்சும் போய்ட்டு வரலாங்க’ என்று சமையலறையிலிருந்து வந்த குரலுக்கு ‘பார்க்கலாம்’ என்றீர்களே... அவரையும் சேர்த்தல்லவா பூட்டி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் சோம்பலுக்கு அவர் ஏன் வாழ்நாள் முழுக்க வாடகை கட்ட வேண்டும்?

வீடு எங்கும் ஓடிப்போகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டிவிட்டு, இருவரும் பஸ் ஏறுங்கள்!