படம் என்பது துணியே

ஓவியம் பயில விழையும் மாணவர் பலர், நல்ல கித்தான் வாங்கப் பொருளின்மையால் தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர். கடையில் விலை தந்து பெறுவதே உயர்ந்தது, வீட்டில் ஆக்கிக்கொள்வது இழிந்தது என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பிழையென்பதும், தான் எழுதும் துணியைத் தானே பண்படுத்தும் ஓவியனே புதிய முறைகளைக் காண வல்லவன் என்பதும் எம் கருத்து.

முதற்கண் நம் மொழியை நோக்குவோம். 'படம்' என்னும் சொல் துணிக்கும் பெயர், சித்திரத்துக்கும் பெயர். 'கிழி' என்பதும் அத்தகையதே. மடலேறத் துணிந்த தலைவன், தலைவியின் உருவைக் கிழியில் எழுதிக் கையில் ஏந்தி வருவான் என்பது அகப்பொருள் மரபு. அவனுக்குக் கித்தான் விற்பார் எவரும் இலர். கைக்கு எட்டிய துணியே போதியதாயிற்று.

மேனாட்டார் கித்தானும் இவ்வாறு பிறந்ததே. வெனிஸ் கடல் சூழ்ந்த நகர். ஆண்டுச் சுவரில் எழுதிய ஓவியங்கள் உப்பீரத்தால் உதிர்ந்தன. கப்பற்பாய்க்கு நெய்த துணியோ மலிந்து கிடந்தது. ஆகவே 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரத்து ஓவியர் பாய்த்துணியில் எழுதத் தலைப்பட்டனர். தம் ஊரின் குறையை அறிந்து, தம் ஊரின் பொருளாலேயே அதனை வென்றனர். நாமோ அவர்தம் சோதனையின் பயனை விலைக்கு வாங்குகின்றோம். சோதிக்கும் ஊக்கத்தை வாங்கினோமில்லை.

அவ்வூக்கம் காஞ்சிமாநகர்க்குப் புதிதன்று. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இவையின்றியே கோயில் ஒன்று ஆக்கியதாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். சித்திரகாரப்புலி என்பது அவன் விருதுப்பெயர்களுள் ஒன்று. அவன் வழிவந்த இராசசிம்மன் எடுத்த கயிலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில், சுதைமேல் எழுதிய ஓவியங்களின் எச்சத்தை இன்றும் காணலாம். பருத்தியின் பெயரைத் தன் பெயரிற் கொண்ட திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலிலும் விதானம் முழுதும் ஓவியம் உண்டு. எழுதுதற்குரிய தளத்தை ஆக்குவதும் ஓவியத்தொழிலின் கூறென்பதை இவை உணர்த்தும்.

இனி நெசவாளர் தெருவுக்கு வருவோம். பாவை நீள விரித்து, அரிசிக்கஞ்சி ஏற்றி, வெயிலில் உலர்த்துகின்றனர். கஞ்சி இழைக்கு உரமும் விறைப்பும் தருகின்றது. ஓவியன் துணிக்குப் பசை ஏற்றுவதும் இத்தகைய செயலே. அவனுக்கு வேறொரு காரணமும் உண்டு. பசையின்றி எண்ணெய் வண்ணம் பூசினால், அவ்வெண்ணெய் நூலிழையில் ஊறி நாளடைவில் அதனை மக்கச்செய்யும். நூலின் இயல்பறிந்த ஆசிரியர் இத்துணைப் பேர் ஒரே நகரில் வாழ, அவர்பால் ஒரு சொல்லும் வினவாமல் ஓவியம் பயில்வது நமக்கு நேர்ந்த இழப்பன்றோ?

பசைக்கும் தளத்துக்கும் வழிகாட்டிகள் நம் நாட்டிலேயே உளர். தஞ்சை ஓவியர் பலகைமேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடிக் கலவை பூசித் தேய்ப்பர். காளத்திக் கலம்காரியர் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து வண்ணம் பரவாமற் காப்பர். இரும்புத்துண்டையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கருமை பெறுவர். வங்கத்து ஜாமினி ராய் (1887–1972) கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் எண்ணெய் ஓவியம் கற்றவர். பின்னர் அதனை விடுத்துக் கைந்நெசவுத் துணி, பாய், பலகை ஆகியவற்றில் மண்வண்ணங்களாலும் புளியங்கொட்டைப் பசையாலும் எழுதினார். அப்பாயும் துணியும் இன்று நாட்டின் கலைச்செல்வங்களாகச் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது.

"வீட்டுக்கித்தான் நிலைக்குமோ? பூச்சி அரிக்காதோ? வெடிக்காதோ?" என்பர் சிலர். தக்க வினாவே. கஞ்சியும் புளியங்கொட்டையும் பூச்சிக்கு உணவாவன. புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சிறிது சேர்ப்பது இதனாலேயே. சுண்ணப்பூச்சு தடித்தால், வளையும் துணியில் வெடிப்பு விழும். தஞ்சையார் துணிக்கடியில் பலகை வைத்தமை இதற்குத் தீர்வாகும். பட்டு ஒளி பட்டு நலியும். ஆதலின் பட்டில் எழுதியதை வெயிலிலிருந்து காத்தல் வேண்டும். இக்குறைகள் சோதனையை விலக்குதற்குக் காரணமாகா. சோதனை எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காட்டும் கைகாட்டிகளே ஆவன. எனினும் பிறர்க்கு விற்கும் படத்தில் முதற்சோதனை செய்தல் அறமன்று என்பதையும் யாம் ஒப்புகின்றோம்.

ஆகலின் மாணவ நண்பர்காள், முழுப்படம் எழுத விரையாதீர். காடாத்துணியை நன்கு அலசி, அதிலுள்ள ஆலைக்கஞ்சியைப் போக்குங்கள். கைகுட்டையளவான துண்டுகளாக்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஒன்றில் ஒருமுறை பசை, மற்றொன்றில் இருமுறை. ஒன்றில் மெல்லிய சுண்ணம், மற்றொன்றில் தடித்த சுண்ணம். ஒவ்வொன்றின் பின்புறத்தும் அளவும் நாளும் எழுதி, ஒரு கோடையும் ஒரு மழையும் கழியும்வரை சாளரத்தருகே தொங்கவிடுங்கள். எது வெடித்தது, எது பூத்தது, எது நிலைத்தது என்பதைத் துணியே கூறும். இதற்கு ஆகும் செலவு சிறிது. வேண்டும் பொறுமை பெரிது. கித்தான் வாங்க இயலாதவன் ஓவியனாகான் என்னும் சொல்லை நம்மிடையே இனி எவரும் வழங்காதிருப்பாராக.