கண்ணீர் யாருக்காக?

அண்மையில் மாணவர் குறும்படப் போட்டியொன்றிலே நடுவர் வரிசையில் அமரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. காலை தொடக்கம் மாலை வரை படங்கள் ஓடின. படப்பிடிப்பிலே குறைகாண்பதற்கு அதிகம் இருக்கவில்லை. ஒரு காலத்திலே படச்சுருளுக்கும் கமராவுக்கும் பணந்தேடி அலுத்து ஒதுங்கியோர் பலர். இன்றோ கைத்தொலைபேசி ஒன்றும் நண்பர் நால்வரும் இருந்தாற் போதும். கலையின் உற்பத்திக் கருவி உழைக்கும் மக்களின் பிள்ளைகளது கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இம்மாற்றத்தை இருகை நீட்டி வரவேற்கிறோம். ஆயின், அக்கருவியைக் கொண்டு அவர்கள் செய்தது யாது?

ஒரு படத்திலே தாய் இறந்தாள். அடுத்ததிலே தந்தை இறந்தார். இன்னொன்றிலே பரீட்சையிற் சித்தியடைந்த செய்தி வீடு வந்து சேருமுன் மாணவி இறந்தாள். சாவுக்கு முன்னதாக மழை பெய்தது. மழைக்கு முன்னதாக வயலின் ஒலித்தது. மண்டபத்திலே மூக்குறிஞ்சும் ஒலி எழுந்தது. விளக்குகள் எரிந்ததும் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீருக்குச் சென்றனர்.

முதற்பரிசு பெற்றது, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயொருத்தியைப் பற்றிய படம். மகனின் சட்டையை முகத்தோடு அணைத்து அவள் கதறும் காட்சியில் மண்டபமே உறைந்துபோயிற்று. நிகழ்ச்சி முடிந்தபின் அப்படத்தை எடுத்த மாணவனோடு பேசினோம். நடித்தவர் நடிகையல்லர், உண்மையிலேயே மகனை இழந்த தாய் என்றான். பின்னர் சற்றே பெருமையோடு சொன்னான்: "அஞ்சு தரம் எடுத்தனாங்கள் சேர். நாலு தரமும் அவவுக்குக் கண்ணீர் வரேல்லை. மகன்ரை சட்டையைத் தேடி எடுத்துக் கையிலை குடுத்தாப் பிறகுதான் சரியா வந்தது." ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டோம். "சனம் அழாட்டில் பரிசு கிடைக்காது எண்டு எங்கடை சேர் சொன்னவர்" என்றான்.

அம் மாணவன் கொடியவனல்லன். படம் முடிந்தபின் அத் தாய்க்கு அரிசியும் மாவும் வாங்கிக் கொடுத்ததாகவும் கூறினான். அவன் தானாகக் கண்டுபிடித்த நெறியன்று இது; நாம் கற்பித்த நெறி. அப்படத்துக்கு இடப்பட்ட புள்ளிகளிலே எமது புள்ளியும் ஒன்று என்பதை ஒளிப்பதற்கில்லை. எனவே இக்கட்டுரை மாணவரை நோக்கி மட்டும் எழுதப்படுவதன்று. ஆசிரியரையும், நடுவரையும், எம்மையும் நோக்கி எழுதப்படுவது.

பார்வையாளரின் உணர்ச்சியைத் தொடாத நாடகம் நாடகமாகாது. இதனை மறுப்பாரிலர். எந்த உணர்ச்சியை, எவ்வழியால், எதன்பொருட்டுத் தொடுவது என்பதே வினா. இவ்வினாவுக்கு எம்மிடையே இரண்டு தவறான விடைகள் உலாவுகின்றன.

முதலாவது விடை, வணிகச் சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் தந்த விடை. துன்பத்தை எவ்வளவு குவிக்கிறோமோ அவ்வளவு கண்ணீர். கண்ணீர் எவ்வளவோ அவ்வளவு வெற்றி. இதன்படி வறுமையும் போரும் இழப்பும் மூலப்பொருள்களாகின்றன. துன்பத்துக்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. விதி வந்தது, நோய் வந்தது, லொறி வந்து மோதியது. காரணத்தை மறைத்துத் துன்பத்தை மட்டுங் காட்டும் கலை, சுரண்டுவோனுக்குச் செய்யும் தொண்டினைப் பிரசாரகனாலும் செய்தல் இயலாது. அழுதவன் தன் கடமை முடிந்தது என்று எண்ணுகிறான். தனது இரக்கத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீடு திரும்புகிறான்.

இரண்டாவது விடை எமது முகாமிலிருந்தே வருவது. உணர்ச்சி என்பதே பிற்போக்கு. பார்வையாளர் சிந்திக்கவேண்டுமே அன்றி உருகலாகாது. பிறெக்ற் சொல்லிவிட்டார் என்பர் இவர். இத்தகையோர் வழிகாட்டலில் எடுக்கப்பட்ட படங்களிலே மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டுரை வாசிப்பதைக் காண்கிறோம். பிறெக்றின் பெயரால் இது நடப்பது வேடிக்கை. 1949 ஆம் ஆண்டு பேர்லினிலே அவரது 'துணிவுத்தாய்' நாடகம் மேடையேறியபோது, மகனைச் சுட்டுக்கொல்லும் வேட்டொலி கேட்ட கணத்தில் கெலன வைகல் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார், குரல் எழவில்லை. அந்த ஓசையற்ற கதறல் உலக நாடக வரலாற்றிலே நிலைத்துவிட்டது. உணர்ச்சியை ஒழித்த கலைஞனா இதனைச் செய்தவன்? போரை வைத்து வியாபாரம் செய்து பிழைக்க எண்ணிய தாய் அந்தப் போருக்கே பிள்ளையைப் பலிகொடுக்கிறாள் என்ற உண்மையோடு அவ்வுணர்ச்சி பிணைந்திருந்தது. அதனாலேயே பார்த்தோர் உருகினர், உருகியவாறே சிந்தித்தனர்.

எமது மரபும் இதனை அறியாததன்று. மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் எட்டாக வகுத்தது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அத்துடன் அது நின்றுவிடவில்லை; ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன் நான்கினையும் சொல்லிற்று. அழுகைக்குரியவை இழிவும் இழப்பும் தளர்ச்சியும் வறுமையும். வெகுளிக்குரியவற்றுள் கொலையோடும் அலைப்போடும் குடிகோளும் ஒன்று. தன் கீழ் வாழும் குடிகளை நலிதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இதில் எமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. எட்டு மெய்ப்பாடுகள் இருக்க, ஒன்றை மட்டுமே எமது மாணவர் அறிந்திருப்பது ஏன் என்பது முதலாவது. நிலைக்களன் இன்றி மெய்ப்பாடு இல்லை என்பது இரண்டாவது. காரணத்தைக் காட்டாது கண்ணீரைக் காட்டுவது எம் பண்டைய இலக்கணத்தின்படியும் குறையே.

இனிச் சினிமாவின் தொழிலையே நோக்குவோம். சோவியத் நாட்டின் தொடக்க ஆண்டுகளிலே லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை யாவரும் அறிந்தது. உணர்ச்சி எதனையும் வெளிக்காட்டாத நடிகனொருவனின் முகத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒருமுறை அதனைச் சூப்புக் கோப்பையொன்றின் அருகே ஒட்டினார். ஒருமுறை சவப்பெட்டியின் அருகே ஒட்டினார். முகம் ஒன்றே. ஆயினும் பார்த்தோர் ஒன்றிலே பசியையும் மற்றதிலே துயரையும் கண்டனர் என்பர். உணர்ச்சி நடிகனின் கண்ணிலே மட்டும் இல்லை. இரண்டு காட்சிகளை இணைக்கும் பார்வையாளனின் மனத்திலே அது பிறக்கிறது. நடிகையிடம் கண்ணீரைக் கறந்து பார்வையாளனின் வேலையை நாமே செய்து முடித்தால், அவனுக்கு எஞ்சுவது என்ன?

1948 ஆம் ஆண்டு விற்றோறியோ டி சிக்கா எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தை எண்ணுக. வேலை கிடைக்கவேண்டுமாயின் அடகிலிருக்கும் சைக்கிளை மீட்கவேண்டும். மனைவி கட்டிலின் விரிப்புகளை உருவிக் கட்டி அடகுகடைக்கு எடுத்துச் செல்கிறாள். கடை ஊழியன் அந்தப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு தட்டுகளின் மேல் ஏறுகிறான். கமராவும் அவனைப் பின்தொடர்ந்து நிமிர்கிறது. கூரை மட்டும் அடுக்கியிருப்பவை எல்லாம் விரிப்புகளின் பொட்டலங்கள்! ஒருவரும் அழவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் கதை ஒரு நகரத்தின் கதையாகி, நகரத்தின் கதை ஒரு வர்க்கத்தின் கதையாகிவிடுகிறது. அந்தத் தந்தையாக நடித்தவர் நடிகரல்லர்; ஓர் ஆலைத் தொழிலாளி. தொழில்முறை சாராதவரை நடிக்கவைப்பது எப்படி என்று கேட்போர் இதிலிருந்து தொடங்கட்டும். அவரிடம் கேட்கப்பட்டவை நடத்தலும், சுமத்தலும், தேடலுமே.

இசை குறித்தும் ஒரு சொல். 1955 ஆம் ஆண்டு வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யிலே, மகள் இறந்ததை அறியாது தந்தை வீடு திரும்புகிறான். அவளுக்காக வாங்கிவந்த சேலையை மனைவியிடம் கொடுக்கிறான். தாய் வெடித்து அழுகிறாள். அவ்வழுகையின் குரல் எமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்திலே தார்ஷெனாய் ஒலிக்கிறது. இசை அங்கே அழுகைக்கு மேல் ஊற்றப்பட்ட குழம்பன்று. அழுகையின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய வயலினைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிடும் எம் மாணவர் இந்த வேறுபாட்டை எண்ணவேண்டும். கதையிலே நம்பிக்கை இல்லாதவனே இசையைக் கூலிக்கு அமர்த்துகிறான்.

ஒருவரும் சாகாமலே உணர்ச்சி பிறக்குமா என்று கேட்போருக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியறொஸ்தமியின் முதற்படம், 1970 ஆம் ஆண்டின் 'ரொட்டியும் ஒழுங்கையும்', ஏறத்தாழப் பத்து நிமிடமே ஓடுவது. ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒழுங்கையிலே ஒரு நாய் மறிக்கிறது. அச்சம், தயக்கம், ஒரு துண்டு ரொட்டி, மெல்ல வளரும் துணிவு. எமது பிள்ளைகள் யாவரும் அறிந்த அனுபவம் இது. வீட்டின் கதவு மூடியபின், அதே நாய் அடுத்து வரும் சிறுவனைப் பார்த்து நிமிர்கிறது. எம் நெஞ்சு மீண்டும் படபடக்கிறது. எமது மண்ணிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்வைக் கொண்டு எடுத்த 'பொன்மணி', சீதனத்தையும் சாதியையும் பற்றிக் குரலுயர்த்தாது பேசிய படம். எமது மாணவருள் எத்தனைபேர் அதனைப் பார்த்திருக்கிறார்கள்?

மலையகத்து மாணவரொருவர் படமெடுக்க விரும்பினால் அவருக்கு மழையும் மரணமும் வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு போதும். காலையிலிருந்து கொய்த கொழுந்தைச் சாக்கோடு தொங்கவிடுகிறார்கள். முள் அசைகிறது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறை கழிக்கப்படுகிறது. குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். முள்ளைப் பார்க்கும் பெண்ணின் கண், புத்தகத்தைப் பார்க்கும் கணக்கப்பிள்ளையின் கண், வரிசையிலே தன் முறையை எண்ணி நிற்கும் அடுத்தவளின் கண். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின் 2021 இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று. போராடிப் பெற்ற நாட்சம்பளத்தை ஒரு தராசு முள் அரைவாசியாக்கும் கணத்தைக் காட்டுங்கள். பார்வையாளர் அழமாட்டார்கள், மூச்சை அடக்குவார்கள். பின்னர் அவர்களிடம் எழுவது வெகுளி. அவ்வெகுளி தேநீரோடு கரைந்துவிடாது.

முதற்பரிசுப் படத்துக்குத் திரும்புவோம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் 2017 ஆம் ஆண்டு தாய்மார் தெருவோரத்திலே பந்தலிட்டு அமர்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் ஆணைக்குழுக்கள் வந்தன, அலுவலகங்கள் திறந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரே கதையை அவர்கள் சொன்னார்கள்: பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடை. பிரதியெடுத்துப் பிரதியெடுத்துப் படத்திலிருக்கும் முகம் மங்கிற்று. நாடகம் அங்கேதான் இருக்கிறது. படிவத்தை நிரப்பும் கை, வரிசை இலக்கத் துண்டு, "இன்னொரு நாளைக்கு வாங்கோ அம்மா" என்னும் குரல். இவற்றைக் காட்டியிருந்தால் அத் தாய் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவேண்டியிருந்திராது. அவளது துயருக்கு யார் பதில் சொல்லவேண்டும் என்ற வினா மண்டபத்தில் இருந்தோரின் நெஞ்சிலே ஏறியிருக்கும்.

அதற்கு மாறாக எம் மாணவன் செய்தது யாது? ஆணைக்குழுக்கள் அவளிடம் கேட்டதையே அவனும் கேட்டான்: இன்னும் ஒருமுறை. அதுவும் ஐந்து தரம். நாமோ அதற்குப் பரிசு கொடுத்தோம்.

ஆகவே ஆசிரியர்களுக்கு எமது வேண்டுகோள் இது. மாணவர் கதையொன்றைக் கொண்டுவந்தால், "சனம் அழுமா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "இத்துன்பத்துக்கு யார் காரணர்? அக்காரணம் படத்தில் எங்கே தெரிகிறது?" என்று கேளுங்கள். நடுவர்களாய் அமர்வோரே, மூக்குறிஞ்சும் ஒலியைக் கேட்டுப் புள்ளியிடாதீர்கள். மாணவ நண்பர்களே, பாத்திரம் எதை விரும்புகிறது, எது தடுக்கிறது என்பதைக் காட்டுங்கள். உணர்ச்சி தானாக வரும். உண்மையாகவே துன்பப்பட்ட ஒருவரைக் கமராவின் முன் நிறுத்தினால், அவர் 'போதும்' என்று சொல்லும் உரிமையை முதலில் அவருக்குக் கொடுங்கள். அவர் சொல்லத் தயங்கினால் நீங்களே கமராவை நிறுத்துங்கள். அதனாற் காட்சி கெட்டால் கெடட்டும்.

எமது மக்கள் வேண்டிய மட்டும் அழுதுவிட்டார்கள். அவர்களை மீண்டும் அழவைப்பதற்குக் கலை தேவையில்லை. ஏன் அழுதோம் என்று அவர்கள் கேட்பதற்கே கலை தேவை.