நகைப்பெட்டியில் ஒரு துப்பாக்கி

"கைக்கு அடக்கமா ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். இடுப்புல உறுத்தாம, சட்டைக்கு வெளிய தெரியாம, நல்ல உறையா ஒண்ணு சொல்லுங்களேன்."

போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் நம்ம ஆட்களிடம் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. (2024 செப்டம்பரில் ஊர் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.) ஒருத்தர் கேட்டால் நாலு பேர் பதில் சொல்கிறார்கள். நாலும் அமெரிக்கக்காரன் போட்ட வீடியோவைப் பார்த்து வந்த ஞானம். அந்த ஊர் பேண்ட், அந்த ஊர் பெல்ட், அந்த ஊர் குளிர், அந்த ஊர் சட்டம். நமக்கு இதில் ஒன்றாவது பொருந்துமா என்று யோசிப்பார் இல்லை.

துப்பாக்கியே கூடாது என்று அறிவுரை சொல்ல வரவில்லை மக்களே. லைசென்ஸ் வாங்கி, முறையாக வைத்திருப்பது சட்டப்படி சரி. உயிருக்கு நிஜமாகவே மிரட்டல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் சண்டைக்கு வருவது வேறு விஷயத்துக்கு. உறையைப் பர்ஸ் மாதிரி, வாட்ச் ஸ்ட்ராப் மாதிரி ஒரு துணைச் சாமானாக நினைக்கிறோம் பாருங்கள், அதற்கு. இந்தப் புத்தியை நமக்குக் கற்றுக்கொடுத்ததில் அரசாங்கத்துக்கே பெரிய பங்கு உண்டு.

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. இந்தியப் பெண்களுக்கான முதல் துப்பாக்கி என்று விளம்பரம். .32 போர், டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் நடந்த அந்தக் கொடூரத்துக்குப் பிறகு நாடே கொதித்துக் கிடந்த நேரம். 'நிர்பயா' என்ற பெயரை ஞாபகப்படுத்தும்படி இதற்குப் பெயர் வைத்தார்கள். எதில் வைத்துக் கொடுத்தார்கள் தெரியுமா? மெரூன் நிறத்தில் ஒரு நகைப்பெட்டி. பெண்களுக்கு நகை பிடிக்குமாம்! கைப்பையில் அடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த விளம்பரம்.

கான்பூர் என்றால் என்ன ஊர்? தோலுக்குப் பேர்போன ஊர். குதிரைச் சேணம், பூட்ஸ் என்று ஒன்றரை நூற்றாண்டாகத் தோலில் உழைக்கிற ஊர். நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மாதிரி. துப்பாக்கியும் அங்கேதான், தோலும் அங்கேதான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, புடவை கட்டுகிற பெண் இந்த அரைக்கிலோ இரும்பை உடம்பில் எங்கே மாட்டுவாள் என்று யோசிக்காமல், வெல்வெட்டுப் பெட்டி செய்ய யோசித்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. உலகத்தில் விற்கிற உறைகளில் பெரும்பாலானவை ஒரு பெல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. அதுவும் விறைப்பான, தடியான பெல்ட். புடவைக்கு ஏது பெல்ட்? சல்வாருக்கு நாடா. நாடாவில் அரைக்கிலோவைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், கரண்டி பறக்கும் :-) ஆக, 'பெண்களுக்கான துப்பாக்கி' வாங்கின பெண்ணுக்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் கைப்பை. இருப்பதிலேயே மோசமான இடமும் அதுதான்.

ஏன் மோசம்?

2014 டிசம்பர் 30. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஹெய்டன் என்ற ஊர். ஒரு பெரிய கடையில் சாமான் வாங்க வந்த இளம் தாய். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்த கைப்பை, கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. தள்ளுவண்டியில் இரண்டு வயது மகன், பக்கத்தில் பை. குழந்தை ஜிப்பைத் திறந்தது. ஒரு வெடி. தாய் அங்கேயே போய்விட்டார். லைசென்ஸ் வைத்திருந்தவர், துப்பாக்கியோடு பழகி வளர்ந்தவர். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. துப்பாக்கி இருந்த இடம்தான் குறை. பை உடம்பில் இருப்பதில்லை. நாற்காலியில், ஆட்டோ சீட்டில், சமையல் மேடையில் என்று எங்கேயோ இருக்கும். பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதலில் பறிப்பதும் அதைத்தான்.

சரி, ஆம்பளைகள் பேண்ட்டில் சொருகிக்கொள்கிறார்களே, சினிமா மாதிரி? அதற்கும் கதை இருக்கிறது. 2008 நவம்பர் 28, நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற பிரபல அமெரிக்கக் கால்பந்து வீரர், உறை இல்லாமல் எலாஸ்டிக் பேண்ட்டின் இடுப்பில் பிஸ்டலைச் சொருகியிருந்தார். அது நழுவியது, பிடிக்கப் போனார், விரல் விசையில் பட்டது, தொடையில் குண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு 2009ல் இரண்டு வருடச் சிறைத் தண்டனை வேறு.

நம்ம ஊருக்கு வருவோம். 2024 அக்டோபர் 1, விடியற்காலை, மும்பை. நடிகர் கோவிந்தா ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் சொந்த லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைநழுவி விழுந்து வெடித்ததாகச் சொன்னார்கள். காலில் குண்டு. நாம் வைத்திருப்பதும் பெரும்பாலும் பழைய வெப்லி மாதிரி ரிவால்வர்கள்தானே. பழைய சில மாடல்களில் சுத்தியலின் கீழே தோட்டா இருந்தால், கீழே விழுந்த அடியிலேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் பழைய ஆட்கள் அந்த ஓர் அறையைக் காலியாக விடுவார்கள்.

மூன்று கதையிலும் எதிரி யாரும் இல்லை, கவனித்தீர்களா? திருடன் இல்லை, ரவுடி இல்லை. சொந்தத் துப்பாக்கி, சொந்த உடம்பு, சொந்தக் குழந்தை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் வருட ஆயுத விதிகளில் 32ஆவது விதியைப் பாருங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் உடம்போடு மாட்டிய உறையில் இருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். முழுசாக மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மீறினால் லைசென்ஸ் போகும், துப்பாக்கியும் பறிமுதல் ஆகும். அதாவது, கல்யாண வீட்டில் இடுப்பில் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு மீசை முறுக்குவது வீரம் இல்லை, விதிமீறல். மூடி வைத்தல் நமக்கு ஸ்டைல் அல்ல, கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் பையையும் உறையையும் ஒரே தட்டில் வைத்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேலே சொன்ன ஐடஹோ கதை ஒன்று போதாதா?

இப்போது 'சௌகரியம்' என்ற வார்த்தைக்கு வருவோம். சௌகரியம் பார்ப்பது தப்பா? இல்லை. சௌகரியமும் பாதுகாப்பில் ஒரு பகுதி. உறுத்துகிற உறையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கழற்றிவிடுவீர்கள். கழற்றினால் கார் டாஷ்போர்டு, மேஜை டிராயர், தலையணை அடி. விபத்து காத்திருப்பது அங்கேதான். காலையில் மாட்டினால் ராத்திரி பெட்டகத்தில் வைக்கும்வரை ஒருதரம் கூடக் கை அங்கே போகத் தேவையில்லாத உறைதான் சௌகரியமான உறை. பதுபது என்று மென்மையாக இருப்பது சௌகரியம் ஆகாது.

மென்மை ஆபத்தும் கூட. விசையைச் சுற்றியிருக்கும் வளையம் முழுவதையும் கெட்டியான பொருள் மூடியிருக்க வேண்டும். துணிக்கு மேலே விரலால் அழுத்தினால் விசை அசையவே கூடாது. தலைகீழாகக் குலுக்கினாலும் துப்பாக்கி விழக்கூடாது (தோட்டாவை எடுத்துவிட்டுக் குலுக்குங்கள், புண்ணியமாகப் போகும்). துப்பாக்கியை உருவின பிறகும் உறையின் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும். சுருங்கினால், திரும்பச் சொருகும்போது மடிந்த தோலே விசையை இழுத்துவிடும். அந்தந்த மாடலுக்கென்றே செய்த உறையாக இருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற நைலான் பை எதற்கும் பொருந்தாது.

இதோடு அந்தமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழை, வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர். மழை இல்லாத நாளில் வேர்வை மழை. சுற்றி உப்புக்காற்று. தோல் உறை வேர்வையைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். அதற்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்கினால் இரும்பில் துரு, பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு. கைடெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் உறை வேர்வையைக் குடிக்காது, ஆனால் வெறும் தோலில் பட்டால் எரியும், உள்ளே பனியன் வேண்டும். தோளில் மாட்டுகிற உறைக்குக் கோட்டு வேண்டும். அபர்தீன் பஜாரில் மே மாதம் கோட்டுப் போட்டு நடந்தால் துப்பாக்கி தெரிகிறதோ இல்லையோ, ஊரே உங்களைத்தான் பார்க்கும். கணுக்கால் உறை? ஜெட்டியில் படகு ஏறும்போது தண்ணீரில் முங்கும். பேண்ட் பாக்கெட்? அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இல்லாமல், அதற்கென்ற உறையோடு மட்டும். மெல்லிசு அரைக்கைச் சட்டை போடுகிற ஊரில் மறைப்பதே பெரும்பாடு. பேண்ட்டுக்கு உள்ளே சொருகும் கெட்டி உறை ஒன்றுதான் ஓரளவு தேறும். அதற்கும் இடுப்பளவில் ஒரு சைஸ் பெரிய பேண்ட், விறைப்பான பெல்ட்.

இத்தனையும் செய்து எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். முதலைக்கா? .32 தோட்டா உவர்நீர் முதலைக்குக் கொசுக்கடி. சுட்டால் வனத்துறை உங்களைத்தான் பிடிக்கும்.

மனிதனுக்கா? 1872 பிப்ரவரி 8, நமக்கு எதிர்க்கரையில் ஹோப்டவுன் துறை. வைஸ்ராய் மேயோ பிரபு, சுற்றிலும் ஆயுதக் காவல். இருட்டுகிற நேரம். ஷேர் அலி என்ற கைதி ஒரு கத்தியோடு பாய்ந்தான். அத்தனை துப்பாக்கியும் சும்மா இருக்க, பிரிட்டிஷ் இந்தியாவின் தலைவன் செத்தான். கிட்டத்தில் வந்துவிட்ட ஆளுக்கு முன்னால் துப்பாக்கிக்கு நேரம் கிடைப்பதில்லை. 1983ல் டென்னிஸ் ட்யூல்லர் என்ற அமெரிக்கப் போலீஸ்காரர் கணக்குப் போட்டார்: 21 அடி தூரத்தை ஒருவன் சுமார் ஒன்றரை நொடியில் ஓடிக் கடப்பான். திறந்த உறையில் இருந்து உருவவே பழகிய போலீசுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். சட்டையைத் தூக்கி, உள்ளே கைவிட்டு எடுக்கிற நமக்கு? கைப்பை ஜிப்பைத் திறக்கிற பெண்ணுக்கு?

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு கசப்பான கணக்கும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்வதுதான்: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவன். மாமா, பக்கத்து வீட்டுக்காரன், மேலதிகாரி, காதலித்தவன். சட்டம் தற்காப்புக்கு இடம் கொடுக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆவது பிரிவின்படி வன்கொடுமையைத் தடுக்க உயிரைப் பறிக்கவும் உரிமை உண்டு. ஆனால் வீட்டுக்குள் டீ குடிக்க வந்தவனை நோக்கிப் பெட்டியைத் திறக்க எந்தப் பெண்ணுக்கு நேரமும் மனசும் வரும்? நம்ம ஊரில் மறக்க முடியாத துப்பாக்கிச் சூடு 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் முன்பின் தெரியாதவர்களா? எத்தனை படத்தில் சேர்ந்து நடித்தவர்கள்!

தெருவிளக்கு, ராத்திரி பஸ், புகாரை வாங்கிக்கொள்ளும் ஸ்டேஷன், சீக்கிரம் முடியும் வழக்கு. இதையெல்லாம் தரவேண்டிய அரசாங்கம் ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு ரிவால்வரை நகைப்பெட்டியில் வைத்து நீட்டி, 'இனி உன் பாடு' என்று சொன்னதுதான் நிர்பீக். வாங்க வசதி இல்லாத நர்ஸுக்கும் சித்தாளுக்கும் அதுகூட இல்லை.

அப்படியும் துப்பாக்கி விற்பேன் என்றால், சில விஷயங்களாவது செய்யுங்கள் ஐயா. துப்பாக்கியோடு அதற்கென்றே அளவெடுத்த கெட்டி உறையைக் கட்டாயமாகக் கொடுங்கள். புடவைக்கும் சல்வாருக்கும் பொருந்தும் உறை ஒன்றை கான்பூர், ஆம்பூர் தோல்காரர்களிடம் சொல்லிச் செய்யுங்கள், அதுவரை 'பெண்களுக்கான' என்ற அடைமொழியை எடுத்துவிடுங்கள். லைசென்ஸுக்கு முன்னால் தரும் பாதுகாப்புப் பயிற்சியை, அந்த ஆள் தினமும் மாட்டப்போகிற அதே உறை, அதே உடையோடு நடத்துங்கள். விதியில் பையைச் சமமாக வைத்ததை மாற்றுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. துப்பாக்கி வாங்கும் முன்னால் உறையை வாங்குங்கள். அரைக்கிலோ எடையுள்ள மரக்கட்டையை அதில் வைத்து முப்பது நாள், காலை முதல் ராத்திரி வரை, ஆபீஸ், மார்க்கெட், படகு, மழை எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டு திரியுங்கள். ஒருநாள் கழற்றி மேஜையில் வைத்தால்கூட, அந்த மேஜைக்கு உங்கள் குழந்தை கை எட்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முப்பது நாள் தேறாவிட்டால் உங்களுக்கு ஏற்ற உறை இன்னும் பிறக்கவில்லை. துப்பாக்கியும் வேண்டாம்.

டிஸ்கி: ஊரில் வாங்கின லைசென்ஸை வைத்துக்கொண்டு கப்பலிலோ விமானத்திலோ இங்கே கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள், லைசென்ஸில் எந்த எல்லை எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால், இங்கே இறங்கியதும் நீங்கள் குற்றவாளி. எவ்வளவு சௌகரியமான உறையில் இருந்தாலும் :-)